ஒரு நிறுத்தம் முன்னால்

செவ்வாய் இரவு இரண்டு மணிக்கு விலை இறங்கும் என்பான் பெக்கெலே.
அதெல்லாம் சும்மா, வியாழன் விடியலில்தான் என்பாள் குபாஷ்னி.
நான் இரண்டு இரவும் விழித்தேன்,
ஜொகன்னஸ்பர்க்கில், பிராம்ஃபொன்டைன் ஏழாவது மாடியில்,
ஹீட்டர் இல்லாத ஜூன் மாதத்தில்,
போர்வைக்குள் மடிக்கணினியை
அடைக்கோழி மாதிரி அணைத்துக்கொண்டு.

ஒரே இருக்கையை மூன்று முறை பார்த்தால்
அதற்கும் தெரிந்துவிடுகிறது நம் ஆசை.
ஜவுளிக்கடையில் அம்மா செய்வதுபோல்
பிடிக்காத முகத்தோடு வேறு ஊர்களைப் புரட்டினேன்:
நைரோபி, தோஹா, கொழும்பு.
பிறகு ஏதோ தற்செயலாக வந்தவள்போல் மும்பை.

சென்னைக்குப் பதினெட்டாயிரம் ராண்ட்.
மும்பைக்குப் பதினோராயிரம்.
அடிஸ் அபாபாவில் பதினான்கு மணி நேரம் உட்காரச் சம்மதித்தால்
ஒன்பதாயிரத்து நானூறு.
சும்மா உட்கார, மணிக்கு நூற்றுப் பதினான்கு ராண்ட்!
நூலகத்தில் புத்தகம் அடுக்க எனக்குத் தருவது முப்பத்தெட்டு.
அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது.

"எங்கள் வீடு அங்கிருந்து இருபது நிமிடம்,
போய்க் காப்பி குடி" என்றான் பெக்கெலே.
வெளியே கால் வைக்க விசாவுக்குக் காசு.
"சரி, இடப்பக்க ஜன்னலாவது கேள்."
ஜன்னலுக்கும் காசு.
குபாஷ்னி சிரித்தாள்:
"கரும்புக்கு வந்த எங்கள் முப்பாட்டன்
திரும்பும் கப்பல் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுத்
துண்டு நிலம் வாங்கினாராம்.
ரீஃபண்ட் கிடைத்த ஒரே குடும்பம் நாங்கள்தான்."

குடும்பப் பெயர் எழுதாமல் அடுத்த பக்கம் திறக்காது.
கோவில்பட்டியில் எங்களுக்குக் குடும்பம் உண்டு,
அதற்குப் பெயர் கிடையாது.
அப்பாவைப் போட்டேன்: ஐயம்பெருமாள்.
கட்டம் நிறைந்து 'ஐயம்பெரு'வோடு நின்றுவிட்டது.
'மாள்' தரையிலேயே தங்கிவிட்டது.

ஓடிபி தம்பி போனுக்குப் போகும்.
அங்கே விடிகாலை ஐந்தரை.
தூக்கத்திலேயே ஆறு எண்ணில் ஐந்தைச் சொன்னான்.
ஆறாவதற்குள் இங்கே கரண்ட் போனது.
வந்தபோது ஒன்பதாயிரத்து எழுநூறு.
"எட்டு, எட்டு" என்று
இன்னும் கத்திக்கொண்டிருந்தான், பாவம்.
முந்நூறு ராண்ட் எட்டு.

மும்பையிலிருந்து நாகர்கோவில் வண்டி, ஸ்லீப்பர்,
வெயிட்டிங் லிஸ்ட் நாற்பத்தேழு.
"கன்ஃபர்ம் ஆகிடும்" என்றான்,
ரயிலே அவனுடையது மாதிரி.

கிளம்பும் நாள், பார்க் ஸ்டேஷனில் காவ்ட்ரெயின்.
விமான நிலையத்தில் இறங்கினால் ஒரு விலை.
ஒரு நிறுத்தம் முன்னால், ரோட்ஸ்ஃபீல்டில் இறங்கினால்
அதில் பாதிகூட இல்லை.
கடைசித் துண்டுதான்
மொத்தப் பாதையிலும் விலை உயர்ந்த தூரம்.
அதை நான் நடந்தேன்.
இருபத்து மூன்று கிலோ, மூன்று சக்கரம்.
நாலாவது மே மாதமே கழன்றுவிட்டது.
காய்ந்த புல், பல்லைக் கிட்டவைக்கும் காற்று,
தலைக்கு மேல் வயிறு தெரியத் தாழும் விமானங்கள்.
"ஏர்போர்ட் அடுத்த ஸ்டேஷன், சிசி" என்றார் காவலாளி.
"தெரியும்" என்றேன்.
பெட்டியைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார்.
குறுக்கு வழியைக் காட்டினார்.

மிச்சம் பிடித்த காசு
உள்ளே நுழைந்ததும்
ஒரு டீயும் ஒரு பஃப்ஸுமாக முடிந்தது.

கேட்டில் "மிஸ் ஐயம்பெரு" என்று கூப்பிட்டார்கள்.
மூன்றாவது முறைதான் அது நான் என்று உறைத்தது.
விமானமே ஏறாத அப்பா
முக்கால்வாசி ஏறி உட்கார்ந்தார்.

அடிஸ் அபாபா, ஒன்பதாவது மணி நேரம்.
காப்பி வாசனை எட்டாத நாற்காலியாகத் தேடி
உட்கார்ந்திருக்கிறேன்.
தம்பி அனுப்புகிறான்: வெயிட்டிங் லிஸ்ட் பதினொன்று.
இன்னும் பதினொரு பேர்
ஊருக்குப் போக வேண்டாமென்று முடிவெடுக்க வேண்டும்,
நான் காலை நீட்ட.