எட்டு நாற்பது

அறைக்கு எட்டுப் பேர்,
அடுப்புக்கு ஒரே கண்.
ஆளுக்கு இருபது நிமிடம் என்று
சமையலறைக் கதவில் பட்டியல்.
ஷொஃபிகுலுக்கும் இன்பராஜுக்கும் நடுவில் நான்,
இரவு எட்டு நாற்பது.

தவிடு போகாத அரிசிக்கு
இருபது நிமிடம் என்பது
வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி.
உள்ளே யாரும் எழுந்துகூட வருவதில்லை.

எனக்கு வேலை மாவு மில்லில்.
கப்பலில் வரும் கோதுமையை உடைத்துச் சலித்தால்
வெள்ளை ஒரு குழாயில் இறங்கும்,
தவிடு ஒரு குழாயில்.
வெள்ளை ரொட்டிக் கடைகளுக்கு.
தவிடு ஒட்டகப் பண்ணைக்கு.
இரண்டுக்கும் வாய் தைப்பவன் நான்.

சல்லடை பழுதுபார்க்க வந்த ஜப்பான்காரர்
பதினோரு நாளும் அதே டப்பாவைத் திறந்தார்:
பழுப்பரிசி, வாற்கோதுமை,
வறுத்த எள்ளும் உப்பும் மேலே தூவி.
கண்ணை மூடி மென்றார்.
ஒரு வாய்க்கு ஐம்பது தடவை என்று
விரல்களை விரித்து விரித்துக் காட்டினார்.
எல்லோரும் சிரித்தார்கள்.
முந்நூற்றுப் பத்து என்று
கிளினிக் சீட்டு என் சட்டைப்பையில் இருந்தது.
நான் சிரிக்கவில்லை.

ஐந்து கிலோ வாங்கி வந்தேன்,
வெள்ளையைப்போல் இரண்டு மடங்கு விலை.
"உரிக்காததுக்கு எதுக்குடா உரிச்ச கூலி?"
என்றான் இன்பராஜ். பதில் தெரியவில்லை.
முதல் வாரம் முழுக்க
கூழாங்கல்லைத் தின்றேன்.
குளியலறை முறையைக் கொடுத்து
ஷொஃபிகுலிடம் பத்து நிமிட நெருப்பு வாங்கினேன்.
அதுவும் போதவில்லை.

பிறகு ஜூலை வந்தது.
ஷார்ஜாவில் ஜூலைக் குழாயைத் திறந்தால்
மொட்டைமாடித் தொட்டியின் வெயில் கொட்டும்.
குளிக்கிற தண்ணீரை
முந்தின இரவே பிடித்து ஆறவைப்போம்.
நைட் ஷிப்ட் தூக்கம் கலைந்த பகல் பன்னிரண்டுக்கு
அந்தத் தண்ணீரை அரிசியில் ஊற்றி,
மூடி, பழைய கம்பளியைச் சுற்றி
மாடியில் வைத்தேன்.

எட்டு நாற்பதுக்குத் தீ மூட்டினால்
எட்டு ஐம்பத்தெட்டுக்குப்
பூப்பூவாய் வெடித்திருந்தது.
பட்டியலில் ஒன்பதாவதாக ஒரு வரி எழுதினேன்:
பகல் பன்னிரண்டு முதல், வெயில்.
யாரும் அழிக்கவில்லை.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மெல்கிறேன்.
மேல்கட்டிலில் இன்பராஜ் சத்தமாக எண்ணுகிறான்,
இருபத்தொம்பது, முப்பது, முப்பத்தொண்ணு,
போன் அடிக்கிறது, வீட்டிலிருந்து,
எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பேசப் போகிறான்.

நாற்பதைத் தாண்டினால்
அரிசி கொஞ்சம் இனிக்கிறது.
அவனிடம் சொல்லவில்லை.
பண்ணையில் ஒட்டகம் இந்நேரம்
நான் தைத்த மூட்டையைப் பிரித்து
அசைபோட்டுக்கொண்டிருக்கும்.
அதற்கு மேலே படுத்து
எண்ண ஆளில்லை.