ஜப்திப் பட்டியல்

ஆணையை ஒட்டியது நான்தான்.
ஏப்ரல் பதினாறு. கதவு திறக்கவில்லை,
உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.
பசை தடவி, பக்கத்துத் தறிக்காரரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு
தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்:
சி. மாரப்பன், அமீனா, பல்லடம்.

'பிரதிவாதி தரணீஷும் அவரது ஆட்களும்
வாய்க்கால்மேட்டு வீதியில் இருசக்கர வாகனத்தை
உயிருக்கு ஆபத்தாக ஓட்டாமலிருக்கும்படிக்கு...'
மீதிக்கு மூச்சுப் பிடிக்கணும்.
கோர்ட்டு வாக்கியம்
முற்றுப்புள்ளியை லேசில் கொடுக்காது.

ஆறே நாள்.
அதைப் பிய்த்துப் பெட்ரோல் டேங்கில் ஒட்டிக்கொண்டு
இரண்டாம் ஷிப்ட் விடுகிற நேரம் பார்த்து
முன்சக்கரத்தைத் தூக்கினான்.
கூட்டாளி படம் பிடித்தான்.
தறிச் சத்தத்தையும் மீறி ஓர் உறுமல்,
தூக்குப்போசியோடு சுவரோரம் ஒண்டும் பெண்கள்,
அப்புறம் வெள்ளியங்கிரி பேக்கரியின் கண்ணாடிப் பெட்டி.
தேங்காய் பன்னெல்லாம் ரோட்டில்.

வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.
அந்தப் படத்தையே நிறுத்தி நிறுத்திப் போட்டார்கள்.
நூறு கிலோமீட்டர் வேகத்தில்
என் கையெழுத்து படபடத்தது.
நான் அவ்வளவு வேகமாக எங்கேயும் போனதில்லை.

"ஆணை கெடச்சுதா?"
"கெடச்சுதுங்க. படிக்கலீங்க."
நீதிபதியம்மா பேனாவை மூடி, மறுபடி திறந்தார்.
இருபது நாள் சிவில் சிறை. வண்டி ஜப்தி.
முன்பாதிக்குத் தலையாட்டிய பையன்
பின்பாதிக்குத்தான் பெஞ்சைத் தேடினான்.

இன்று பட்டியல் எழுதினேன்.
கறுப்பு வண்டி ஒன்று.
கைப்பிடியில் எலுமிச்சம்பழம் ஒன்று, காய்ந்தது.
பக்கக் கண்ணாடி ஒன்று.
இன்னொன்று வெள்ளியங்கிரியிடம் கிடந்தது;
கோர்ட்டு கேட்கும்வரை
அதில் பார்த்துத்தான் சவரம் செய்தாராம்.
சாவி: கொடுக்கவில்லை.

வேன் வாடகைக்குப் பில் பாஸாகாது, தள்ளினேன்.
ஐம்பத்தேழு வயது, வெயில், நூற்றைம்பது கிலோ.
வாய்க்கால்மேடு ஏறியதும்
எதிரே இறக்கம், ஆளில்லாத மத்தியானம்.
காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தேன்.
சித்த தூரம்தான்.
எஞ்சின் செத்த வண்டியில் முள் பூச்சியத்திலேயே நின்றது.
காது மட்டும் காற்றில் அடைத்தது,
சட்டை முதுகில் உப்பியது.

'அவரது ஆட்களும்' என்பதில்
நான் வருவேனா என்று ஒரு யோசனை.

பேக்கரி வாசலில் பிரேக் பிடித்தேன்.
வெள்ளியங்கிரி கல்லாவிலிருந்து எழுந்து
பன் தட்டை ஒரு முழம் உள்ளே இழுத்து வைத்தார்.
பிறகுதான் கேட்டார்,
"டீ போடட்டுங்களா?"