கால் பவுன்

வெள்ளி இரவு அங்காராவில் பஸ் ஏறி
விடியும்போது கிரெசுன்.
மழையில் கருங்கடல் சாம்பலாகக் கிடந்தது.

மண்டபத்தில் மைக்காரன்
காசையும் உறவையும் சேர்த்துக் கூவ,
நூர்தானின் சிவப்பு நாடாவில்
தங்கம் கனத்துக்கொண்டே போனது.

வரிசையில் அப்பா.
ஹேசல்நட் தோப்பு வழக்கில்
பதினோரு வருடமாகத் தம்பியோடு பேச்சில்லை.

“கால் பவுன்! பெண்ணுக்கு நீங்க என்ன வேணும்?”

அப்பாவுக்கு வாய் எழவில்லை.
விரலிடுக்கில் ஊசி
திறந்தபடியே.

“என் அண்ணன்”
என்றார் சித்தப்பா,
சோற்றுத் தட்டிலிருந்து நிமிராமல்.

“பெண்ணின் பெரியப்பா!”
ஒலிபெருக்கி அலறியது.

ஞாயிறு, திரும்பும் பஸ்.
அப்பா மடியில் ஒரு காகிதப் பை, கொட்டைகள்.
யார் கொடுத்ததென்று நான் கேட்கவில்லை.

“போன வருஷத்துச் சரக்கு, காறுது”
என்று குறை சொல்லிக்கொண்டே
சாம்சூன் வரை
தின்று தீர்த்தார்.