பதினோரு வினாடி

காட்பாடியில் மே மாதம்.
வெளியே நாற்பத்திரண்டு டிகிரி,
உலைக்குள் எழுநூற்று எண்பது.
நடுவில் நானும் ஒரு பெடஸ்டல் ஃபேனும்.

பிளாட்டினக் கிண்ணத்தில் போரேட் உருகிக் கிடக்கிறது.
நாளுக்கு அரை டிகிரிதான் இறக்கலாம்.
அவசரப்பட்டால் கஞ்சியாகிவிடும்.
பெரிலியம் சேர்த்தால் சுலபம் என்றார்கள்.
ராணிப்பேட்டைத் தோல் ஷாப்பில்
குரோமியத்தோடு இருபது வருஷம் நின்றவரின்
இருமல் கேட்டு வளர்ந்தவள் நான்.
பெரிலியம் வேண்டாம்.

எங்களுக்கு வேண்டியது நடு இல்லாத படிகம்.
ஓர் அணுவிலிருந்து மையத்தைக் கடந்து நேரெதிரே போனால்
அதே அணு அங்கே காத்திருக்கக் கூடாது.
ஆறுண்டு நீரில்லை, கோட்டையுண்டு ராஜா இல்லை என்று
இல்லாததை எண்ணியே பேர் வாங்கிய ஊரில்
இது பெரிய கோரிக்கையா?

அந்தக் கோணல் இருந்தால்தான்
உள்ளே போகும் ஒளி இரண்டிரண்டாகச் சேர்ந்து
பாதி அலைநீளத்தில் வெளியே வரும்.
சிவப்புக்கு அப்பாலிருந்து நுழைந்தது பச்சையாகும்.
பச்சை, ஊதாவுக்கு அப்பால் போகும்.
அதற்கும் கீழே, இருநூறு நானோமீட்டருக்குள்,
காற்றே குடித்துவிடுகிற ஒளி.
அங்கே முக்கால்வாசிப் படிகங்கள் வெறும் சுவர்.

முப்பத்தொன்றாம் நாள்.
காலையில்தான் திரவத்திலிருந்து தூக்கியிருந்தோம்,
கட்டைவிரல் பருமன், ஒரு குமிழி இல்லை.
மாலை நாலேகாலுக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் எழுந்திருக்கும்வரை
தபசும் விரல்விட்டு எண்ணினாள். பதினொன்று.
போனபோது ஒன்றும் ஆகவில்லை.
வந்த கரண்ட்தான் முழு வேகத்தில் பாய்ந்தது.
உள்ளே
நகம் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம்.

எத்திராஜ் அண்ணன் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு
டீ வாங்கப் போனார். வெகுநேரம் வரவில்லை.

மறுநாள் உடைசலை அகேட் உரலில் அரைத்தேன்.
தூளையும் கேள்வி கேட்கலாம்.
லேசர் அடித்ததும் கிளிப்பச்சையில் ஒரு பொட்டு.
தபசும் கத்தியதில் பக்கத்து லேப் எட்டிப்பார்த்தது.
பெரிய துண்டைத் தேய்த்து மெருகேற்றி
நைட்ரஜன் நிரப்பிய பெட்டியில் வைத்தோம்.
திரையில் கோடு இருநூறைத் தாண்டியது,
நூற்றெண்பதைத் தாண்டியது,
நூற்று எழுபத்துமூன்றில்தான் விழுந்தது.

ஆனாலும் சுவரல்ல என்பதுவரைதான் தெரியும்.
புது அலையும் பழைய அலையும்
உள்ளே ஒரே நடையில் நடக்க வேண்டும்.
இதில் கொஞ்சம் பின்தங்குகிறது.
எவ்வளவு என்று அளக்க
விரிசலில்லாத இன்னொன்று வளர வேண்டும்.

யுபிஎஸ் கேட்டு எழுதினேன்.
யாரும் பார்க்க முடியாத வெளிச்சத்துக்கு
எதற்கம்மா இவ்வளவு செலவு என்றார் ஆபீஸில்.
காரணம் என்ற கட்டத்தில்
தலைப்பை மட்டும் எழுதினேன்,
இந்தக் கவிதைக்கும் அதுவே.