பரிசலில் நாலு பேர்

கடற்கரை இல்லாத மாவட்டம் எங்களுடையது.
உப்பு எங்களுக்குப் பொட்டலத்தில் வருவது.

அஞ்செட்டி தாண்டியதும் மூன்றாம் பஞ்சர்.
சித்தலிங்கன் டியூபைத் தண்ணீரில் அழுத்துகிறான்;
குமிழி வரும் இடத்தைக்
கட்டைவிரலால் மூடிக்கொண்டே கேட்கிறான்:
"பிரேக் கட்டை மாத்தினியா?"
மாற்றவில்லை.

இறக்கம் முழுக்க ரப்பர் தீய்ந்த வாடை.
வளைவில் யானை லத்தி, இன்னும் ஆவி விட்டபடி.
அதைச் சுற்றிக் கடக்கும்வரை
பேச்சில்லை, பெல் இல்லை.

நாட்ராம்பாளையத்தில் களி, கொள்ளுக் குழம்பு.
கடைக்காரம்மா எங்கள் மூட்டைகளைப் பார்த்து
என்ன யாவாரம் என்றாள்.
"சும்மா ஓட்டுறோம்."
பாவம் பார்த்து
இன்னொரு உருண்டை வைத்தாள்.

ஆற்றோரம் முனிமாதன் என்னை எண்ணினார்,
அவனை எண்ணினார்,
பிறகு சைக்கிள்களை:
"நாலு பேர். நாலு பேருக்கும் காசு."

நடு ஆற்றில் ஒரு மணல்திட்டு.
நேற்றுதான் வெளியே வந்ததாம்;
மேலே அணை திறந்தால் நாளைக்கு இருக்காது.
அளந்தோம்:
பெடல் முப்பத்தெட்டுச் சுற்று,
பாதிக்கு மேல் தள்ளிக்கொண்டு.

வடக்கே எங்கோ, குளிர்ந்த கடலோரம்,
தீவுக்குத் தீவு படகு மாறி ஓட்டவென்று
ஏழு வருடம் அவன் சேர்த்த பணம்
மகள் காலேஜுக்குப் போனது.
அதைப் பற்றி அவன் பேசவில்லை.
செயினில் புகுந்த மணலைப்
பழைய பல் பிரஷால் தட்டிக்கொண்டிருந்தான்.

பரிசலைத் திருப்பியபடி முனிமாதன் கத்துகிறார்,
தண்ணி நிறம் மாறுதாம்.
எங்கள் டயர் தடம்
ஒரு முனையிலிருந்து நனையத் தொடங்குகிறது.

"இன்னொரு சுத்து?"
என்கிறான் சித்தலிங்கன்.