காக்கை விரிகுடாவில் ஒரு தீர்மானம்

ஊரின் பெயர் க்ராகுவீக்.
எங்கள் ஐஸ்லாந்து மொழியில் காக்கை விரிகுடா.
இருநூற்றுப் பதினொரு பேர், ஒரு மீன் ஆலை,
கூரைகளின் பிடரியில் மூச்சுவிடும் ஒரு மலை.
அக்டோபர் கூட்டத்தில் குறிப்பெடுத்தவள் நான்.

ஸ்டெய்ன்வோர் வரைபடத்தை விரித்தாள்.
பனிச்சரிவு இறங்கக்கூடிய வழியைச்
சிவப்பில் தீட்டியிருந்தாள்.
சிவப்புக்குள் ஒன்பது வீடுகள்,
மழலையர் பள்ளி.
முப்பது குளிர்காலத்தில் ஒன்று, என்றாள்.
எது அந்த ஒன்று என்று மட்டும் கேட்காதீர்கள்.
பள்ளியையாவது கீழே துறைமுகத்துப் பக்கம் மாற்றிவிடுங்கள்.

முதலில் எழுந்தவர் ஆலைக்காரர் ஆஸ்முந்துர்.
"அறுபத்தெட்டு வருஷம் இங்கேயே கிடக்கிறேன்.
ஒருநாளும் என்மேல் மலை விழுந்ததில்லை."
சிரித்தோம். நானும்தான்.
விழுந்திருந்தால் இதைச் சொல்ல
அவர் இருந்திருக்க மாட்டாரே என்பது
இரவு பல் துலக்கும்போதுதான் உறைத்தது.

அடுத்து ஹால்வேய்க்:
"இவளுக்கென்று இங்கே ஒரு படகு உண்டா?
வெள்ளிக்கிழமை தலைநகரிலிருந்து வந்தாள்,
ஞாயிற்றுக்கிழமை போய்விடுவாள்."
உண்மை. அவள் காலணிகூடப் புதிது.
எல்லோரும் காலணியைப் பார்த்தோம்.
வரைபடம் ஓரம் சுருண்டு
தானாக மூடிக்கொண்டது.

"இன்று பள்ளியை மாற்றச் சொல்வார்கள்,
நாளை ஆலையை மூடச் சொல்வார்கள்,
மறுநாள் தேவாலயம்,
அப்புறம் கடைசி ஆள்
விளக்கை அணைத்துவிட்டுப் படகேற வேண்டியதுதான்"
என்றார் ஏயோல்ஃபுர்.
ஒரே மூச்சில் ஊர் காலியாகிவிட்டது.
அவர் கோப்பையில் காபி
இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

பிறகு வாக்கெடுப்பு.
"இந்த ஊரை நேசிப்பவர்கள் கை தூக்குங்கள்."
அவ்வளவுதான் கேள்வி.
பள்ளியை மாற்றலாமா என்று
யாரும் கேட்கவே இல்லை.
கைகள் எழுந்தன, ஒன்றைப் பார்த்து ஒன்று.
பேனாவைக் கீழே வைத்தேன்.
பேனா பிடித்திருந்த கையையே தூக்கினேன்.
என் மகன் ஒட்கெய்ர் அந்தப் பள்ளியில்தான்.
கோட்டு மாட்டும் ஆணி, எண் ஏழு.

அந்தக் குளிர்காலம் மழையாகவே பெய்து தீர்ந்தது.
மலையில் ஆடு மறைகிற அளவுக்குக்கூடப் பனி இல்லை.
ஏப்ரலில் ஆஸ்முந்துர் கேக் வாங்கி வந்தார்.
"நான்தான் சொன்னேனே!"

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததாம்.
வெயில் நாடு ஒன்றில் அப்படிச் சொல்வார்களாம்.
எங்களிடம் காக்கைக்குப் பஞ்சமில்லை,
பனைதான் கிடையாது.
விழாத பழத்துக்குக்
கேக் வெட்டிக்கொண்டிருந்தோம்.
நல்ல கேக். இரண்டு துண்டு தின்றேன்.

ஸ்டெய்ன்வோருக்கு யாரோ கேலியாக எழுதியிருக்கிறார்கள்.
பதில் ஒரு அஞ்சலட்டையில் வந்தது,
ஊராட்சி அலுவலக முகவரிக்கு.
பிரித்துப் படிப்பது என் வேலை.
"முப்பதில் ஒன்று என்றேன்.
மிச்சம் இருபத்தொன்பதும் நான் சொன்னவைதான்."

அட்டையைக் கோப்பில் வைத்தேன்.
அக்டோபர் பக்கத்தைத் திருப்பினேன்.
'ஒருமனதாக நிறைவேறியது.'
என் கையெழுத்து, திருத்தமான கையெழுத்து.
அதன் ஓரத்தில்,
'கேட்கப்பட்ட கேள்வி வேறு' என்று எழுதினேன்.

பென்சிலில்தான்.