முப்பத்தேழு பற்கள்

இரவு இரண்டுக்கு மேல்தான்
வண்டலூர் வாலாஜாபாத் சாலை
கொஞ்சம் வாயை மூடும்.
அப்போது கிளம்புவோம்.
ஸ்டியரிங்கில் சம்பங்கி,
மடியில் லேப்டாப்போடு நான்,
கியர்பாக்ஸின் வயிற்றில் மெழுகு வைத்து ஒட்டிய
ஸ்டிக்கர் பொட்டு அளவு சென்சார்கள் நான்கு.

மூன்றாவது கியர். ஐம்பத்தெட்டு.
அங்கேதான் வரும்.
காதோரம் ஒரு கொசு;
அடிக்கக் கை தூக்கினால்
அறுபத்தொன்றில் காணாமல் போகும்.
புகார்க் கடிதத்தில் அதற்கு ‘முனகல்’ என்று பெயர்.
என் திரையில் வெறும் சாய்கோடு.

தண்டு நொடிக்கு இருபது சுற்று,
சக்கரத்தில் முப்பத்தேழு பல்,
பெருக்கிக்கொள்ளுங்கள்.
எழுநூற்று நாற்பது முறை
ஒரு பல் இன்னொன்றின் தோளில் இடிக்கிறது
ஒவ்வொரு நொடியும்.
சுமை ஏறினால் இரும்பும் வளையும்.
வளைந்தால் அடுத்த பல்
நொடியில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை,
அவ்வளவு முந்தி வந்துவிடும்.
தாம்பரத்தில் மாலை மின்சார ரயில் பார்த்திருக்கிறீர்களா,
இறங்குகிறவர் இறங்குமுன் ஏறுகிறவர்?
அதுதான். வேறொன்றுமில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லூர்துமேரியின் பட்டறை.
ஒவ்வொரு பல்லின் நுனியிலும்
பன்னிரண்டு மைக்ரான் சீவிக் கொடுத்தார்.
மயிரிழையில் ஆறில் ஒரு பங்கு.
“இதுக்கா மூணு மீட்டிங் போட்டீங்க?” என்றபடி
பில்லில் ஜி.எஸ்.டி. சேர்த்தார்.

மறுபடி இரவு. மறுபடி ஐம்பத்தெட்டு.
சாய்கோடு இல்லை.
ஒன்பது டெசிபல் குறைந்திருந்தது.
நாலு மாத வேலை. கத்த வேண்டும் போலிருந்தது.
“கேக்குதா சம்பங்கி?” என்றேன்.

“எனக்கு அது எப்பவுமே கேட்டதில்ல மேடம்.
பதினெட்டு வருஷம் பஸ்ஸு,
இஞ்சின் மூடி இந்தப் பக்கம்.
இடது காது பேச்சையே பாதிதான் வாங்கும்.
ஆனா குச்சியில இருக்கும்,
உள்ளங்கையில எறும்பு ஊர்ற மாதிரி.
மீட்டரு எங்க பாத்தேன், அத வச்சுதான் ஓட்டுவேன்.
இப்ப குச்சி செத்துப்போச்சு.”

அறிக்கையில் மூன்று கட்டம் உண்டு:
முன், பின், வித்தியாசம்.
எறும்புக்குக் கட்டம் இல்லை.

கியர் குச்சியின் தலையில் என் கையை வைத்தேன்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு, படப்பை தாண்டி, அவர் காலை எடுத்தபோது
அடியில் எங்கிருந்தோ
டொக்.

“என்னது அது?”

“அதா? முதல் நாள்லேர்ந்து இருக்கே” என்றார்,
“காலுக்குக் கீழ வரும்.
உங்க கொசு சத்தத்துல
உங்களுக்குத் தெரியல போல.”

புரொப்பல்லர் ஷாஃப்ட்டா, நடு பேரிங்கா, ரப்பர் புஷ்ஷா.
செருப்பைக் கழற்றிவிட்டு
தரைத்தகட்டில் வெறுங்காலை வைத்தேன்.
“திரும்பவும் எழுபதுக்குப் போங்க” என்றேன்,
“போய்க் காலை எடுங்க.”

திரையைப் பார்க்கவில்லை.